முதலாளியும் நீங்களே, தொழிலாளியும் நீங்களே!

ஜும்ஆ உரை – ஷஅபான் மாதம்

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

 

அல்லாஹ்வின் பேரருளால் ஷஅபான் மாதத்தில் இருக்கிறோம். இன்னும் சில வாரங்களில் ரமளான் வந்துவிடும், இன்ஷா அல்லாஹ். ரமளான் நமக்கு இபாதத்தின் மாதம். நம்மில் பலருக்கு அதுவே தொழிலின் சீசனும் கூட. துணிக்கடைக்காரர், தையல்காரர், பழக்கடைக்காரர், சமோசா போடுகிறவர், பெருநாள் பிரியாணிக்கு ஆர்டர் எடுக்கிறவர் எல்லோரும் இப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள்.

அதனால் இன்றைய ஜும்ஆவில் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். தொழிலை எப்படிப் பெருக்குவது என்று சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தொழில் செய்கிற அந்த மனிதனை, அவனுடைய உடம்பை, அவனுடைய மனதை எப்படிப் பாதுகாப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெருநாள் தொழுகைக்கு வராத தையல்காரர்

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரர், தையல் கடை வைத்திருக்கிறார். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ரமளான். கடைசிப் பத்தில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஜிப்பா, பைஜாமா, பிள்ளைகளுக்குச் சட்டை என்று அளவு நோட்டு நிரம்பிவிட்டது. யார் வந்து கேட்டாலும் மறுக்கத் தெரியாத மனிதர். இருபத்தைந்தாம் நோன்பு அன்று துணியைக் கொண்டுவந்து கொடுத்தால்கூட, "பெருநாளைக்குள்ள தந்துடுறேன் பாய்" என்று வாங்கி வைத்துக்கொள்வார். தராவீஹ் முடிந்து மெஷினில் உட்கார்ந்தால் ஸஹர் வரை. ஸஹருக்கு ஒரு டீ, ஒரு பன். ஃபஜ்ருக்குப் பிறகு இரண்டு மணி நேரத் தூக்கம். மறுபடியும் மெஷின்.

பெருநாள் காலை ஃபஜ்ர் நேரத்தில் கடைசி ஜிப்பாவுக்குப் பட்டன் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். "அரை மணி நேரம் கழித்து எழுப்பிவிடு" என்று மனைவியிடம் சொல்லிப் படுத்தார். அந்த அம்மா எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள், எழவில்லை. உலுக்கியும் பார்த்திருக்கிறார்கள். அவர் கண் விழித்தபோது லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று இதே பள்ளியில் அவர் தைத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் பெருநாள் தொழுதார்கள். தைத்தவர் வரிசையில் இல்லை. அவருடைய ஒன்பது வயது மகன் பக்கத்து வீட்டுக்காரரோடு தொழ வந்தான், போன வருடத்துச் சட்டையில். அவன் துணியை வெட்டி வைத்திருந்தார், தைக்க நேரம் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை சொன்னானாம், "அத்தா, எல்லாரும் நீங்க தைச்ச சட்டைதான் போட்டிருந்தாங்க." பெருமையாகத்தான் சொன்னான். அதைக் கேட்டு அந்த மனிதர் அழுதுவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அஸருக்குப் பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தார். "ஹள்ரத், நான் ஹராமான சம்பாத்தியம் எதுவும் செய்யலையே, எனக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் கடையில் காஜா எடுக்கிற பையன் ஒருவன் இருக்கிறானே, அவனையும் விடிய விடிய உட்கார வைத்தீர்களா?"

அவர் பதறிப்போனார். "அது எப்படி ஹள்ரத்? அவன் சின்னப் பையன். அவங்க அம்மா என்னை நம்பி அனுப்பியிருக்காங்க. பத்து மணிக்கே அனுப்பிடுவேன். ஒரு நாள் தலைவலின்னு சொன்னான், லீவு கொடுத்தேன்."

"உங்களுக்குத் தலைவலி வந்தால்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

சகோதரர்களே, அவர் நல்ல முதலாளி. தன்னிடம் வேலை செய்கிற பையனுக்கு அநியாயம் செய்ய அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அதே கடையில் இன்னொரு தொழிலாளி இருக்கிறார். அவருக்கு நேரம் கிடையாது, லீவு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அந்தத் தொழிலாளி அவரேதான்!

மார்க்கம் தொழிலாளிக்கு என்ன சொல்கிறது?

நம் கைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. நாம் உண்பதிலிருந்து அவர்களுக்கு உணவளிக்க வேண்டும், நாம் உடுத்துவதிலிருந்து உடுத்தக் கொடுக்க வேண்டும், சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தக் கூடாது, அப்படிச் சுமத்த வேண்டி வந்தால் நாமே கூட நின்று உதவ வேண்டும் என்பது அதன் கருத்து. அன்று அடிமைகளாக இருந்தவர்களைப் பற்றியே நாயகம் (ஸல்) அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்றால், சுதந்திரமான தொழிலாளிக்கு எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்!

நாட்டுச் சட்டமும் இதைச் சொல்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடையில் வேலை செய்கிறவருக்கு வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வரையறுத்திருக்கிறது. 2021-இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நாள் முழுவதும் நின்றே வேலை பார்க்கிற ஊழியர்கள் இடையிடையே உட்காருவதற்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள்.

இவையெல்லாம் ஊழியருக்கான பாதுகாப்பு. தனியாகக் கடை நடத்துகிறவருக்கு நேரத்தை வரையறுப்பவர் யார்? இரவு பதினொரு மணிக்கு அவரிடம் வந்து "ஷட்டரை இறக்குங்கள், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்ல எந்த அதிகாரியும் வரமாட்டார். அவருக்குச் சொல்வதற்கு மார்க்கம்தான் இருக்கிறது. அவருக்குள் இருக்கிற இறையச்சம்தான் இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு வைத்து, இரவெல்லாம் நின்று வணங்குவதாக நாயகம் (ஸல்) அவர்களுக்குச் செய்தி வந்தது. அழைத்து விசாரித்தார்கள். நோன்பு வையுங்கள், விட்டும் விடுங்கள். தொழுங்கள், தூங்கவும் செய்யுங்கள் என்றார்கள். உடம்புக்கு ஹக்கு இருக்கிறது, கண்ணுக்கு ஹக்கு இருக்கிறது, மனைவிக்கு ஹக்கு இருக்கிறது என்று உணர்த்தினார்கள். இதுவும் புகாரியில் உள்ளது.

கவனியுங்கள். அந்த ஸஹாபி கண் விழித்தது சூதாட்டத்துக்காக அல்ல, தொழுகைக்காக. அல்லாஹ்வை வணங்குவதற்காகக்கூட கண்ணின் ஹக்கைப் பறிக்க அனுமதி கிடைக்கவில்லை. அப்படியானால் பத்து ஜிப்பா கூடுதலாகத் தைப்பதற்காகப் பறிக்கலாமா?

இன்னொரு சம்பவம். நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. என்ன இது என்று கேட்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைத்துப் போனால் பிடித்துக்கொள்ளும் கயிறு என்றார்கள். அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், களைத்துவிட்டால் உட்காரட்டும் என்பது நபிகளாரின் வழிகாட்டல்.

நம் கடைகளிலும் அந்தக் கயிறு தொங்குகிறது சகோதரர்களே. நான்காவது டீ ஒரு கயிறு. வலி மாத்திரை ஒரு கயிறு. சிலருக்கு சிகரெட், சிலருக்கு பாக்கு. உடம்பு உட்காரச் சொல்கிறது, நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

உடம்பு நம் சொத்து அல்ல, அமானத்

கடையை நம் பெயரில் எழுதிக்கொள்ளலாம். உடம்பை எழுதிக்கொள்ள முடியாது. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். காஜா எடுக்கிற பையனை அவன் தாய் நம்பி அனுப்பியதுபோல, உங்களை உங்களிடம் நம்பி ஒப்படைத்தவன் ரப்புல் ஆலமீன். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் தள்ளிவிடாதீர்கள் என்று சூரத்துல் பகராவின் 195-வது ஆயத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த ஆயத் இறைவழியில் செலவு செய்வதைப் பற்றி இறங்கியது. தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் எல்லாக் காரியங்களுக்கும் அதை ஆதாரமாக உலமாக்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தா டீக்கடை வைத்திருந்தார்கள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் இரவு ஒன்பது மணி வரை நிற்பார்கள். சுகர் இருந்தது. ஒரு நாள் செருப்பு வார் உரசி, கால் விரலில் சின்னப் புண். சுகர் முற்றியவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். அதனால் வலி தெரியவில்லை. "டாக்டரிடம் போங்க" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான், "கடையை யார் பார்க்கிறது?"

மூன்று வாரம் கழித்துத்தான் போனார்கள். புண் உள்ளே போயிருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அரை நாள் கடையைப் பூட்ட மனம் வராதவர், நான்கு மாதம் பூட்டிப் போட்டார்கள். நாமாக லீவு கொடுக்கவில்லை என்றால் உடம்பு தானாக எடுத்துக்கொள்ளும். அது எடுக்கும்போது நம்மிடம் தேதி கேட்காது.

"சம்பாதிக்காவிட்டால் யார் சோறு போடுவார்?"

இப்போது உங்களில் ஒருவர் மனதில் கேட்பது எனக்குக் கேட்கிறது. "ஹள்ரத், நீங்கள் எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். கடை வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் ஃபீஸ், தண்டல்காரன் எல்லாம் உட்கார்ந்தால் நின்றுவிடுமா?"

நியாயமான கேள்வி. நான் சோம்பேறித்தனத்தைச் சொல்லவில்லை. இஸ்லாம் உழைப்பின் மார்க்கம். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவை எவரும் உண்டதில்லை, தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பால்தான் உண்டார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், தன் செல்வத்தில் பாதியைத் தர அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) முன்வந்தார்கள். அவர்களோ துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். சொந்தக் காலில் நிற்பது ஸஹாபாக்களின் வழி.

ஆனால் தவக்குலைப் பற்றிய ஒரு ஹதீஸை நாம் பாதியாகவே புரிந்து வைத்திருக்கிறோம். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், திர்மிதியில் இருக்கிறது. அல்லாஹ்வின் மீது உண்மையாகத் தவக்குல் வைத்தால், பறவைகளுக்கு உணவளிப்பது போல அவன் உங்களுக்கும் அளிப்பான். அவை காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி, மாலையில் வயிறு நிரம்பித் திரும்புகின்றன என்ற கருத்து அது.

பயானில் நாங்கள் எப்போதும் முதல் பாதியைச் சொல்வோம். பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, கிளம்பிப் போனது, ஆகவே உழையுங்கள் என்போம். சரிதான். இரண்டாவது பாதியையும் பாருங்கள். பறவை மாலையில் திரும்பி வந்தது. நாளைய இரையையும் இன்றே தேடி முடிக்கிறேன் என்று அது இரவெல்லாம் பறக்கவில்லை. கிளம்புவது தவக்குல் என்றால், திரும்பி வருவதும் தவக்குல்தான். கடையைத் திறக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்கிறோம். பூட்டும்போது, "இன்று எனக்கு எழுதப்பட்டது வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிப் பூட்ட வேண்டும். ஷட்டரை இறக்குவதற்கும் ஈமான் வேண்டும்.

சூரத்துந் நபஉவில் 9 முதல் 11 வரையுள்ள ஆயத்துகளில், தூக்கத்தை ஓய்வாகவும் இரவை ஆடையாகவும் பகலைப் பிழைப்புக்கான நேரமாகவும் ஆக்கியதை அல்லாஹ் தன் அருட்கொடைகளாக எடுத்துச் சொல்கிறான். பகலை நமக்குத் தந்தவன்தான் இரவையும் தந்தான். பகலை வாங்கிக்கொண்டு இரவைத் திருப்பிக் கொடுக்கலாமா?

என்ன செய்யலாம்? ஐந்து விஷயங்கள்

முதலாவது, தொழுகை நேரத்தை இடைவேளையாக்குங்கள். சூரத்துல் ஜும்ஆவின் 9, 10-வது ஆயத்துகளைப் பாருங்கள். அழைப்பு வந்தால் வியாபாரத்தை விட்டுவிட்டு வாருங்கள், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்கிறான். நம் மார்க்கத்தில் வாரத்தில் ஒரு நாள் முழுவதும் கடையைப் பூட்டு என்ற கட்டாயம் இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஐந்து நிறுத்தங்களை அல்லாஹ் வைத்திருக்கிறான். தொழுகை ஃபர்ளு, அதை ஓய்வு என்று குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஃபர்ளு ஒளு செய்ய வைக்கிறது, குனிய வைக்கிறது, கல்லாவிலிருந்து கண்ணை எடுக்க வைக்கிறது. லுஹருக்குப் பிறகு நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முடிந்தவர்கள் கால் மணி நேரம் கண் அயருங்கள். கைலூலா என்னும் பகல் தூக்கம் ஸஹாபாக்களிடம் வழக்கமாக இருந்தது.

இரண்டாவது, கடையைப் பூட்டும் நேரம் ஒன்றை முடிவு செய்யுங்கள். இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் உட்காருவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. கடையைப் பூட்டினாலும் போனைப் பூட்டுவதில்லை நாம். ஆன்லைனில் டிசைன் வேலை, டைப்பிங் வேலை செய்கிற நம் இளைஞர்களுக்கு ஷட்டரே கிடையாது, படுக்கையிலேயே கடை. இரவு ஒரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்டருக்குக் காலையில் பதில் சொன்னால் ரிஸ்க் ஓடிப்போய்விடாது.

வீட்டிலிருந்து தொழில் செய்கிற சகோதரிகளுக்கும் இது பொருந்தும். இடியாப்பம் பிழிந்து விற்கிறார்கள், மசாலா அரைத்துத் தருகிறார்கள், பிளவுஸ் தைக்கிறார்கள். அதற்கு மேல் வீட்டு வேலை முழுவதும் அவர்கள் தலையில். ஆண்களே, நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் கிளம்புவார்கள் என்றார்கள். அந்த சுன்னத்தை எத்தனை பேர் செய்கிறோம்?

மூன்றாவது, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரியுங்கள். உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். கல்லாவிலிருந்து எடுப்பதற்கு ஒரு நோட்டு வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகராவின் 282-வது ஆயத்தைக் குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்தாக அல்லாஹ் வைத்திருக்கிறான். எழுதாத கணக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். சீசன் தொழில் செய்கிறவர்கள் யூசுஃப் நபி (அலை) அவர்களை நினையுங்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைச் சேமித்து, பஞ்சமான ஏழு ஆண்டுகளைக் கடக்க வழி சொன்னார்கள். ரமளானில் வருவதை ஷவ்வாலிலேயே செலவழித்துவிட்டால், மீதி மாதங்களில் தண்டலும் கந்துவட்டியும்தான் வாசலில் நிற்கும். வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். அது மனிதனின் நிம்மதியைத் தின்பது கண் முன்னே தெரிகிற உண்மை.

நான்காவது, உடம்பைப் பரிசோதியுங்கள். அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள். நோயைத் தந்த அல்லாஹ் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கக் காசு கேட்பதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை தருகிறார்கள். ஆட்டோ ஓட்டுநருக்கும் தையல் தொழிலாளிக்கும் தனித்தனியே நலவாரியம் இருக்கிறது. பதிவு செய்தால் விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பது இதுதான்.

ஐந்தாவது, மனதில் இருப்பதைப் பேசுங்கள். தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு நஷ்டம் வந்தால் சொல்ல ஆளில்லை. மனைவியிடம் சொன்னால் பயப்படுவாள், வாடிக்கையாளரிடம் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று உள்ளேயே வைத்துக்கொள்கிறான். அபூதாவூதில் ஒரு சம்பவம். தொழுகை நேரமல்லாத நேரத்தில் அபூ உமாமா என்ற அன்சாரித் தோழர் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தார். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துவிட்டு, ஏன் இந்த நேரத்தில் இங்கே இருக்கிறீர் என்று கேட்டார்கள். கவலைகளும் கடன்களும் என்றார் அவர். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடனின் சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடும் துஆவை அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த துஆ நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் துஆவுக்கு முன் நடந்ததைக் கவனித்தோமா? அவர் உட்கார்ந்திருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் கவனித்தார்கள். கேட்டார்கள். அவரும் மறைக்காமல் சொன்னார். நம் பள்ளியிலும் தொழுகை முடிந்தும் எழுந்திருக்காமல் தூணில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் போய் உட்காருங்கள். மனச்சுமை தாங்க முடியாதவர்கள் டாக்டரிடம் போவதும் சுன்னத்துக்கு மாறானதல்ல. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகவே பேசலாம்.

மஹல்லாவின் பொறுப்பு

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் அவாலிப் பகுதியில் குடியிருந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் சபைக்கு வருவதற்கு அவர்களும் அண்டை வீட்டு அன்சாரித் தோழரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் போவார், மறுநாள் அவர். போனவர் அன்றைய செய்திகளை வந்து சொல்லுவார். பிழைப்பும் கெடவில்லை, தீனும் கெடவில்லை. நம் பஜாரில் ஒரே வரிசையில் எட்டுக் கடைகள் இருக்கின்றன. இன்று அஸருக்கு உங்கள் கடையை நான் பார்க்கிறேன், நாளை என் கடையை நீங்கள் பாருங்கள் என்று சொல்ல என்ன தடை? அப்படி ஒரு பக்கத்துக் கடைக்காரர் இருந்திருந்தால் என் அத்தாவின் விரல்கள் மிஞ்சியிருக்கலாம். அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், ஆனால் நாம் செய்ய வேண்டியதை நாம் செய்ய வேண்டும்.

வாடிக்கையாளர்களான நாமும் யோசிக்க வேண்டும். இருபத்தைந்தாம் நோன்பில் துணியைக் கொடுத்துவிட்டு, பெருநாளைக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார்? தைத்து வாங்கிய பிறகு "அப்புறம் தர்றேன் பாய்" என்று கூலியை இழுத்தடித்தது யார்? வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி பெரிய கம்பெனி முதலாளிக்கு மட்டும் சொன்னதல்ல. ஒரு ஜிப்பா தைக்கக் கொடுத்தவருக்கும் அது பொருந்தும். ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். நம் பைத்துல்மாலில் சிறு தொழில் செய்கிறவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் ஏற்பாட்டை இந்த ரமளானிலேயே தொடங்குங்கள். ஒரு குடும்பம் தண்டலிலிருந்து வெளியே வந்தாலும் அது பெரிய ஸதகா.

அந்தத் தையல்காரர் என்ன செய்தார்?

சென்ற ஆண்டு ரமளானில் அவர் கடையில் ஒரு அட்டை தொங்கியது. பதினைந்தாம் நோன்புக்குப் பிறகு பெருநாள் ஆர்டர் எடுக்கப்படாது என்று எழுதியிருந்தார். கூலியைக் கொஞ்சம் உயர்த்தினார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். வருமானமும் முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் குறைந்ததாகவே சொன்னார். ஓய்வெடுத்தால் உடனே பணம் இரட்டிப்பாகும் என்று நான் உங்களிடம் கதை சொல்லமாட்டேன்.

ஆனால் கடைசிப் பத்தின் ஒற்றைப்படை இரவுகளில் அவரைப் பள்ளியில் பார்த்தேன். பெருநாள் காலை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தக்பீர் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகன், அவர் தைத்த புதுச் சட்டையில். தொழுகை முடிந்து முஸாபஹா செய்யும்போது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், "பர்கத்துன்னா என்னன்னு இப்பதான் புரிஞ்சது ஹள்ரத்."

ஆகவே சகோதரர்களே, இன்று இரவு கடையைப் பூட்டும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தக் கடையின் முதல் தொழிலாளிக்கு நான் இன்று நியாயம் செய்தேனா, அவர் நேரத்துக்குச் சாப்பிட்டாரா, உட்கார்ந்தாரா, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். நாளை மறுமையில் நம் கைக்குக் கீழிருந்தவர்களைப் பற்றிக் கேள்வி வரும். நம் சொந்த உடலைப் பற்றியும் கேள்வி வரும்.

யா அல்லாஹ்! எங்கள் உழைப்பை ஹலாலாக்கித் தருவாயாக. எங்கள் ரிஸ்கில் பர்கத் செய்வாயாக. கடன் சுமையிலிருந்தும் மனக்கவலையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. நீ தந்த உடல் என்னும் அமானத்தைப் பேணி, உன்னை வணங்கப் பலமுள்ளவர்களாக எங்களை ஆக்குவாயாக. நோயில் இருப்பவர்களுக்கு முழு ஷிஃபா தருவாயாக. ரமளானை ஆரோக்கியத்தோடு அடையும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தருவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.